கொல்லிமலையில் வளர்ந்த டாக்டரும் ஒரு ரப்பர் செருப்பும்

புளியஞ்சோலைக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். உப்பிலியபுரம் வழியாகப் போய், கொல்லிமலை அடிவாரத்தில் இறங்கி, ஆற்றுப் பாறைகளில் நாள் முழுக்க ஏறி இறங்கிவிட்டு வீடு திரும்பினால் முதலில் பாதம் வலிக்கும். ராத்திரி கெண்டைக்கால் வலிக்கும். மறுநாள் காலையில் எழுந்தால் இடுப்பு! அதிலும் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போயிருந்தால் கேட்கவே வேண்டாம். குதிகாலில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கொப்புளம்தான் இருக்கும். ஆனால் வலி என்னவோ முதுகு வரைக்கும் ஏறியிருக்கும்.

கொப்புளம் இருப்பது காலில். இடுப்பு ஏன் வலிக்கிறது?

பதில் ரொம்ப எளிது. கொப்புளம் தரையில் படக்கூடாது என்று நமக்கே தெரியாமல் நடையை மாற்றிக்கொள்கிறோம். எடை இன்னொரு காலுக்குப் போகிறது. முழங்கால் கொஞ்சம் திரும்புகிறது, இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது, சாய்ந்த இடுப்பைச் சரிக்கட்ட முதுகுத் தசைகள் நாள் முழுக்க இழுத்துப் பிடிக்கின்றன. நொண்டுவது என்று நாம் சொல்வது இதைத்தான். பார்க்க அசிங்கமாக இருக்கலாம். ஆனால் அந்த நொண்டல்தான் காலைக் காப்பாற்றுகிறது.

சரி, அந்தக் கொப்புளம் வலிக்கவே இல்லை என்றால்? நொண்டாமல் நேராகவே நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி வாழ்நாளையே செலவழித்தவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் எங்கே வளர்ந்தார் தெரியுமா? உப்பிலியபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிறதே, அதே கொல்லிமலையின் மேல்தான்!

செருப்பில்லாத சிறுவன்

1914-ஆம் வருடம் ஜூலை 17-ம் தேதி பிறந்தார் பிராண்ட். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா எவலின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். அப்போது மலைக்கு மேலே போகத் தார் ரோடு கிடையாது. இன்று நாமக்கல் பக்கமிருந்து பஸ்கள் ஏறுகிற 70 கொண்டை ஊசி வளைவுகளும் கிடையாது. நடந்து ஏற வேண்டும், முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போக வேண்டும். அந்த மலையில் மற்றப் பிள்ளைகளோடு வெறுங்காலோடு ஓடி, மரம் ஏறி வளர்ந்தான் சிறுவன் பால்.

வெறுங்கால் சுகமானதுதான். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. முள் குத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மதுரையே சாட்சி! 1842-ல் மதுரையில் இருந்த ஜான் கில் என்ற டாக்டர், வீங்கிப் புடைத்துப் புண்வாய்களாக ஒழுகும் ஒருவகைக் கால்நோயைப் பற்றி எழுதினார். மண்ணில் இருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ முள் குத்திய காயத்தின் வழியே உள்ளே போய் வருடக்கணக்கில் காலை அரிக்கும் நோய் அது. மருத்துவ உலகம் அதற்கு வைத்த பெயர் 'மதுரைக் கால்'. உலகத்தில் எந்த மூலையில் டாக்டருக்குப் படித்தாலும் மதுரையின் பெயரைப் படிக்காமல் தப்பிக்க முடியாது. பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்றுதான் தெரியவில்லை!

கொல்லிமலையில் இன்னொரு தொல்லை நரம்புச்சிலந்திப் புழு. குடிக்கும் தண்ணீர் வழியே உடம்புக்குள் போய், ஒரு வருடம் கழித்துப் பெரும்பாலும் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஜெஸ்ஸி பிராண்ட் அந்தப் புழுவை ஒரு சின்னக் குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல், நாள் கணக்கில் மெதுவாக வெளியே இழுப்பாராம். மகன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். (இந்தியாவில் இந்த நோய் இப்போது இல்லை. கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 1996-ல். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது.)

ஒரு நாள் தொழுநோய் கண்ட மூன்று பேர் வீட்டைத் தேடி வந்தார்கள். மற்றவர்களை வெறுங்கையால் தொட்டு வைத்தியம் பார்க்கிற அப்பா, அன்றைக்கு மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு அவர்களுடைய புண்களைக் கழுவிக் கட்டினார். பிள்ளைகளைக் கிட்டே போகக் கூடாது என்று விலக்கி வைத்தார்கள். அந்தப் பயம் பாலின் மனதில் ரொம்ப நாள் இருந்தது.

9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-ல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். டாக்டர் வேலையே வேண்டாம் என்றிருந்த பால், முதலில் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றுக்கொண்டார். பிறகுதான் மனம் மாறி லண்டனில் மருத்துவம் படித்தார். ஆனால் கற்ற வேலை வீண் போகவில்லை. ஒரு கட்டடத்தில் பாரம் எங்கே இறங்குகிறது, எந்தத் தூண் தாங்குகிறது என்று பார்க்கிற கண் அவருக்கு வந்துவிட்டது. பின்னாளில் மனிதப் பாதத்தையும் அவர் அதே கண்ணோடுதான் பார்த்தார்.

'அழுகும்' சதை

1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார் பிராண்ட். 1947-ல் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டில் உள்ள தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். கொக்கி போல மடங்கிப்போன விரல்கள். விரலே இல்லாத பாதங்கள். ஆபரேஷன் செய்து இவற்றைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்டால், அப்போது எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. "அது கெட்ட சதை. தானாக அழுகி விழும். ஆபரேஷன் செய்தாலும் ஆறாது."

பிராண்ட் இதை நம்பவில்லை. திசுவை எடுத்துச் சோதித்துப் பார்த்தால் அது சாதாரணச் சதையாகவே இருந்தது. அப்படியானால் விரல்கள் எப்படிக் காணாமல் போகின்றன?

ஒரு நாள் ஸ்டோர் ரூம் கதவைத் திறக்க முடியாமல் அவர் திணறிக்கொண்டிருந்தார். பூட்டு துருப்பிடித்துச் சாவி திரும்பவே இல்லை. பக்கத்தில் நின்ற சிறுவன், தொழுநோயாளிதான், சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான்! இவ்வளவு பலமா என்று ஆச்சரியப்பட்ட பிராண்ட் கீழே பார்த்தால் ரத்தச் சொட்டு. பையனின் விரலில் சாவி எலும்பு வரைக்கும் வெட்டியிருந்தது. அவனுக்கோ ஒன்றுமே தெரியவில்லை.

விடை அங்கேதான் இருந்தது. தொழுநோய்க் கிருமி நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு போனால் வலி போகிறது. வலி போனால் சுடுவது தெரியாது, வெட்டுவது தெரியாது. ராத்திரி தூங்கும்போது எலி கடிப்பதுகூடத் தெரியாது. (உண்மையாகவே அப்படி நடந்தது. ஆளுக்கொரு பூனை கொடுத்துத்தான் அதை நிறுத்தினார்கள்!) சதை தானாக அழுகவில்லை. காக்க ஆளில்லாமல் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்ந்துபோனது.

காலின் கணக்கு

கைக்கு ஆபரேஷன் செய்து புகழ் பெற்றாலும், பிராண்டை அதிகம் தூங்கவிடாமல் செய்தது கால்தான். கையைப் பார்த்துப் பார்த்துப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுக்கலாம். பாதத்தின் அடியை யார் பார்த்துக்கொண்டு நடப்பது?

நம் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் இருக்கின்றன. அவை வளைவாக அடுக்கப்பட்டு, வில் போல எடையைத் தாங்கி, அடுத்த அடிக்கு உந்தித் தள்ளுகின்றன. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை 100 சதுர செ.மீ. பரப்பில் பரவினால் ஒரு சதுர செ.மீ.க்கு 600 கிராம்தான். அதே எடை விரலுக்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையில் 10 சதுர செ.மீ.யில் மட்டும் இறங்கினால்? 6 கிலோ! எடை அதேதான். பரப்பு குறைந்தது, பாரம் 10 மடங்கு ஆனது.

அந்த 6 கிலோ ஒரே ஒரு அடியில் தோலைக் கிழித்துவிடாது. இங்கேதான் பிராண்ட் கண்ட முக்கியமான விஷயம் வருகிறது. காலைக் கெடுப்பது எப்போதும் ஒரு பெரிய காயமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் சின்னச் சின்ன அழுத்தமே போதும். நமக்கு அந்த இடம் சிவந்து சூடேறும்போதே வலி வந்துவிடும், உடனே பாதத்தைக் கொஞ்சம் சாய்த்து வைப்போம். நீண்ட தூரம் நடக்கும்போது நம் நடை இப்படித் தானாகவே மாறிக்கொண்டே இருக்கிறது. வலி தெரியாதவரோ முதல் அடியும் ஆயிரமாவது அடியும் ஒரே மாதிரி, ஒரே இடத்தில் வைக்கிறார். சிவந்த இடம் புண்ணாகிறது, புண் எலும்புக்குப் போகிறது.

புண்ணை ஆற்ற ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. 1930-களில் இலங்கையில் டாக்டர் மில்ராய் பால், இந்தியாவில் டாக்டர் ஜோசப் கான் ஆகியோர், எலும்பு முறிந்ததுபோலவே இந்தக் கால்களுக்கும் மாவுக்கட்டு போட்டார்கள். காலோடு ஒட்டிய கட்டு எடையைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடுவதால், வருடக்கணக்கில் ஆறாத புண்ணும் ஆறியது. எந்த விசேஷ மருந்தும் தேவைப்படவில்லை. வேலூரிலும் இதையே செய்தார்கள்.

ஆனால் கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பினால் சில மாதங்களில் அதே ஆள், அதே புண்ணோடு திரும்பி வருவார். ஏனென்றால் அவர் போய் நடப்பது அதே தரையில், அதே செருப்பில். ஆக, பிரச்சினை செருப்பு என்று புரிந்தது.

ஒரு செருப்பு தயாராகிறது

செருப்பு தானே, அதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். தோல் செருப்பு அழுத்தமாக இருக்கும், அதில் அடித்த ஆணி மேலே வந்தால் வலி தெரியாத காலுக்கு எமன். சாதாரண ஸ்பாஞ்ச் மெத்தென்று இருக்கும், ஆனால் கொஞ்ச நாளில் அமுங்கித் தட்டையாகிவிடும். ரொம்பக் கெட்டியாகவும் இருக்கக் கூடாது, ரொம்ப மெத்தென்றும் இருக்கக் கூடாது. மனிதச் சதை எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு அமுங்க வேண்டும்.

பல முயற்சிகளுக்குப் பிறகு கிடைத்த விடை மைக்ரோசெல்லுலார் ரப்பர். கண்ணுக்குத் தெரியாத சின்னக் காற்றறைகள் நிறைந்த ரப்பர் அது. ஆஸ்பத்திரிகளில் சுருக்கமாக எம்.சி.ஆர். என்பார்கள். மேலே இந்த ரப்பர், கீழே முள் ஏறாத கெட்டி ரப்பர் அடிப்பாகம், குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். ஆணியே கிடையாது, எல்லாம் பசை போட்டு ஒட்டுவதுதான். வேலூருக்குப் பக்கத்தில் காரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையில், ஆபரேஷன் தியேட்டருக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவு மரியாதை செருப்புப் பட்டறைக்கும் இருந்தது. பாதம் ரொம்பச் சிதைந்தவர்களுக்கு, தொட்டில் போல முன்னும் பின்னும் வளைந்த அடிப்பாகம் வைத்துத் தந்தார்கள். பாதம் மடங்காமலே உருண்டு அடுத்த அடி வைக்கலாம்.

யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் செருப்பு தைப்பவரை எங்கே உட்கார வைத்திருந்தோம்? தெருவோரத்தில். இங்கே ஒரு மனிதனின் கால் இருக்குமா போகுமா என்பதை முடிவு செய்ததே அவர்தான்!

இதிலும் ஒரு சோகம் உண்டு. கறுப்பு நிறத்தில் தனி மாதிரியாக இருந்த இந்தச் செருப்பைப் பார்த்ததுமே ஜனங்கள் "அந்த நோய்க்காரன்" என்று கண்டுகொண்டார்கள். டீக்கடையில் ஒதுங்கி நின்றார்கள். எனவே பலர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போட்டுக்கொண்டு வந்து, வெளியே போனதும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். காலைக் காப்பாற்றும் செருப்பு, மானத்தை வாங்கியது! கடையில் வாங்குகிற செருப்பு போலவே தோன்றும்படி பிற்பாடு வேறு மாதிரிகள் செய்ய வேண்டி வந்தது. மெத்தென்ற ரப்பரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் மனிதர்களின் மனசு மெத்தென்று ஆகவில்லை.

ஒரு ராத்திரிப் பயம்

1950-களில் ஒருமுறை நீண்ட கடல் பயணம் முடித்து, ரயிலில் லண்டன் போய்ச் சேர்ந்தார் பிராண்ட். உடம்பெல்லாம் அசதி. ராத்திரி காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை! இத்தனை வருடம் தொழுநோயாளிகளைத் தொட்டு வைத்தியம் பார்த்தவருக்கு என்ன தோன்றியிருக்கும்? இனி குடும்பம் என்னாவது என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி ஊசியை எடுத்து அதே இடத்தில் குத்தினார். "ஆ" என்று கத்தினார். வலித்தது! ரயிலில் ரொம்ப நேரம் அசையாமல் உட்கார்ந்ததில் நரம்பு அமுங்கி மரத்துப் போயிருந்திருக்கிறது, அவ்வளவுதான். வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன மனிதர் அவர். வலி ஒரு வரம் என்று பிறகு புத்தகமே எழுதினார்.

1966-ல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே வலிக்குப் பதிலாக ஒரு கருவி செய்து பார்த்தார். கையுறையிலும் செருப்பிலும் உணரிகள் வைத்து, அழுத்தம் அதிகமானால் சத்தம் வரும்படி செய்தார். யாரும் சத்தத்தை மதிக்கவில்லை. சரி, லேசாக மின்சார அதிர்ச்சி கொடுக்கலாம் என்றார். நோயாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வேலை கெடுகிறது என்று சுவிட்சை அணைத்துவிட்டார்கள்! அந்தத் திட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. நாம் அணைக்க முடியாத இடத்தில் இருப்பதால்தான் வலிக்கு மரியாதை.

வேலூரிலிருந்து எல்லோர் வீட்டுக்கும்

கார்வில் போன பிறகு பிராண்ட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் வருகிற புண்ணும், வேலூரில் பார்த்த புண்ணும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி வருகின்றன. அங்கேயும் நரம்பு மரத்துப்போகிறது. அங்கேயும் வலி இல்லை. அதே மாவுக்கட்டு, அதே மாதிரிச் செருப்பு அங்கேயும் வேலை செய்தன. வெட்டி எடுக்கத்தான் வேண்டும் என்றிருந்த கால்கள் பிழைத்தன.

தொழுநோய்க்கு 1982 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்துவிட்டது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவிலிருந்து அது நீங்கிவிட்டது என்று 2005 இறுதியில் இந்தியா கணக்கிட்டது. (நோய் முழுக்க ஒழிந்துவிடவில்லை, மரத்த கால்களோடு வாழ்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) சர்க்கரை நோயோ பெருகிக்கொண்டே போகிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்கிறது. சித்திரை வெயிலில் ஸ்ரீரங்கம் பிராகாரத்தின் கல்லில் கால் வைத்தால் நாம் துள்ளுவோம். துள்ளாமல் நிதானமாக நடந்து போகிற பெரியவரைப் பார்த்து "என்ன பக்தி!" என்று நினைக்கிறோம். பக்தியாக இருக்கலாம். கால் மரத்துப் போனதாகவும் இருக்கலாம்! கோயிலுக்குப் போய்வந்து, மறுநாள் பாதத்தில் கொப்புளங்களைப் பார்த்துத் திகைக்கிற சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள்.

சரி, நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு?

கர்நாடகத்தில் ராவ், ஜோசப் என்ற இரண்டு டாக்டர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை எடுத்துப் பார்த்து 1992-ல் வெளியிட்டார்கள். செருப்பு, ஷூ போடும் பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரியும் பிள்ளைகளில் 2.8 சதவீதம்தான். அதிலும் விரல்களை மூடும் ஷூ போட்டவர்களிடம் அதிகம், திறந்த செருப்பு போட்டவர்களிடம் குறைவு. விலை உயர்ந்த ஷூ என்பதால் அது காலுக்கு நல்லது என்று அர்த்தமில்லை! உயரமான குதிகால் வைத்த செருப்பு எடையைப் பாதத்தின் முன்பக்கம் தள்ளிவிடுகிறது, கெண்டைக்கால் தசையைச் சுருக்கி வைக்கிறது. கூர் மூக்கு ஷூ விரல்களை நெரிக்கிறது. பாதம் நேராக இல்லையென்றால், மேலே இருக்கிற முழங்காலும் இடுப்பும் முதுகும் அதற்குத் தக்கபடி வளைந்து கொடுக்கின்றன. அஸ்திவாரம் சரிந்தால் சுவரில் விரிசல் விடுகிறதே, அது மாதிரி.

ஒரு வித்தியாசம்தான். நமக்கு வலிக்கிறது. "செருப்பு பழகிவிடும்" என்று சொல்லிக்கொண்டு, அல்லது ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு அந்த வலியை நாம் அடக்கிவிடுகிறோம். கார்வில்லில் அவர்கள் சுவிட்சை அணைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கணவர் இறந்த பிறகு எவலின் பிராண்ட் மறுபடி மலைக்கே வந்தார். ஓய்வு பெறும் வயது தாண்டியும் குதிரையில் கிராமம் கிராமமாகச் சுற்றினார். 1974-ல் 95 வயதில் இறந்தபோது, கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரையும் புதைத்தார்கள். மகன் பால் பிராண்ட் 2003 ஜூலை 8-ம் தேதி அமெரிக்காவில் சியாட்டில் நகரில் காலமானார். அவர் வேலூரில் தேடிக் கண்ட ரப்பர் செருப்பு, இன்றும் சர்க்கரை நோயாளிகளின் காலில் நடந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்கள் இருந்தால் இன்று ராத்திரி ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அவர்கள் செருப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று. பிறகு அவர்கள் பாதத்தின் அடியையும் ஒரு தடவை பாருங்கள். அவர்களால் குனிந்து பார்க்க முடியாது. வலித்தால் சொல்வார்களே என்று இருந்துவிடாதீர்கள்.

வலிக்காமல் இருப்பதுதான் அங்கே ஆபத்து.